ஆடிக்காற்றுக்குத் தெரிந்த கணக்கு

கொச்சி காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வேலை, கோயம்புத்தூரில் வீடு என்று இருக்கும் ஒருவர் டாடா நெக்ஸான் மின்சார கார் வாங்குகிறார் என்று வையுங்கள். 45 யூனிட் பேட்டரி. சான்றிதழில் 489 கிலோமீட்டர். ஊருக்குப் போகவர 370-ஐ ஒட்டித்தான் ஆகும். தாராளமாகப் போதும் என்றே தோன்றும். ஆனால் நிஜத்தில் 350 பக்கம்தான் கிடைக்கும் என்று கம்பெனியே சொல்லிவிடுகிறது.

489 என்பது உருளைகளின் மேல் எடுத்த அளவு. புனேயின் ஏஆர்ஏஐ போன்ற சோதனைக்கூடங்களில் கார் நின்ற இடத்திலேயே நிற்கும், சக்கரம் மட்டும் சுழலும். எம்ஐடிசி என்னும் இந்திய முறைப்படி ஒரு சுற்றுக்கு 1,180 நொடி, 10.6 கிலோமீட்டர். உச்ச வேகம் 90; சராசரி 33 கூட வராது. பேட்டரி தீரும்வரை இதே சுற்று திரும்பத் திரும்ப. ஏ.சி. போடுவதில்லை.

காக்கநாட்டின் சாயங்கால நெரிசலில் மணிக்கு 10 கிலோமீட்டர் நகர்ந்தாலே பெரிது. ஏ.சி. மின்சாரம் தின்பதோ தூரத்தைப் பொறுத்தல்ல, நேரத்தைப் பொறுத்து. மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும் கிலோமீட்டருக்கு 0.1 யூனிட் ஆகிறது. சோதனைக்கூடத்தில் கார் ஓடுவதற்கே அவ்வளவுதான் செலவு! மழைக்காலத்தில் கண்ணாடியில் படியும் ஆவியை விரட்டவாவது ஏ.சி.யைப் போட்டாக வேண்டும்.

இருந்தும், பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்களின் அனுபவத்துக்குத் தலைகீழாக, மின்சார காரைப் பொதுவாக நெடுஞ்சாலைதான் அதிகம் வாட்டும். ஊருக்குள் பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகிக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தரும். நெடுஞ்சாலையில் அதற்கு வாய்ப்பு குறைவு. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 90-லிருந்து 110-க்குப் போனால் தடை ஒன்றரை மடங்கு.

அதற்கு மேல் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து அதன் வழியே சீறும் காற்று, கோவைக்குப் போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும். திரும்பும்போது நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். காற்று மணிக்கு 20 கிலோமீட்டர், கார் 80 என்றால், போகையில் தடை 60-க்கு உரியது, வருகையில் 100-க்கு உரியது. இரண்டுக்கும் இரண்டே முக்கால் மடங்கு வித்தியாசம். எந்த உருளையும் இதை அளப்பதில்லை.

அதற்காக 489-ஐப் பொய் என்று சொல்ல மாட்டேன். எல்லாக் கார்களும் ஒரே பரீட்சை எழுதினால்தானே ஒப்பிட முடியும்? கார் வாங்க அந்த எண் போதும். ஊருக்குப் போக வேண்டுமானால், கோவையில் ராத்திரி பிளக்கை மாட்டிவிட்டுப் படுங்கள்.