பாலைவனத்தைச் சமமாக்கியது யார்?

பாலைவனம் என்றதும் நமக்கு மணலும் ஒட்டகமும்தான் ஞாபகம் வரும். ஆனால் எல்லாப் பாலைவனமும் மணல்மேடு இல்லை. பல இடங்களில் மலையும், அதன் அடியிலிருந்து மைல் கணக்கில் பரந்த சமவெளியும்தான் இருக்கும். அந்தச் சமவெளியைச் செஞ்சது யார்? காற்று என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் பெரிய வேலையைச் செய்தது தண்ணீர்!

மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் பரவியிருப்பது சொனோரா பாலைவனம். 1890-களில் மக்கீ என்ற நிலவியல் அறிஞர் குதிரைகளோடு அந்தப் பக்கம் போனார். மலையிலிருந்து 3, 5 மைல் தள்ளி, மண் தரை மாதிரி தெரிந்த இடத்தில் குதிரை லாடம் பாறையில் இடித்தது. மேலே மெல்லிசாகத்தான் மண். கீழே இழைச்சு விட்ட மாதிரி கருங்கல் பாறை! 1897-இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

இது எப்படி நடக்கிறது?

பகல் வெயிலில் பாறை விரியும், இரவுக் குளிரில் சுருங்கும். எப்போதாவது படும் ஈரமும் சேர்ந்து விரிசல் விட்டு உதிரும். பாலைவனத்தில் ஆண்டுக்கு 25 செ.மீ.க்கும் குறைவாகத்தான் மழை. ஆனால் பெய்தால் சில சமயம் கொட்டித் தீர்த்துவிடும். தடுத்து நிறுத்தப் புல், செடி அதிகம் இல்லை. அதனால் மலையிலிருந்து இறங்கும் வெள்ளம் பாய் விரித்த மாதிரி பரவி ஓடும். மக்கீ இதற்கு 'விரிப்பு வெள்ளம்' என்ற பொருளில் பெயர் வைத்தார்.

வெள்ளம் உருட்டிப் போகும் மணலும் கல்லும் பாறையைத் தேய்க்கும். மலைச்சரிவு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போகும். அது விட்டுப்போன இடம்தான் லேசான சரிவுள்ள பாறைச் சமவெளி. இதன் பெயர் பெடிமெண்ட். பல பெடிமெண்டுகள் ஒன்று சேர்ந்தால் பெடிப்ளேன். தேயாமல் மிச்சம் நிற்கும் தனிக் குன்று இன்சல்பர்க். ஜெர்மன் மொழியில் அதற்குத் 'தீவு மலை' என்று அர்த்தம். சமவெளி கடல் மாதிரி, குன்று தீவு மாதிரி!

காற்றும் சும்மா இருக்காது. மணலை அள்ளிக்கொண்டு போகும். விரிப்பு வெள்ளம், பக்கவாட்டில் அரிக்கும் ஓடை, பாறைச் சிதைவு இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

தோழிகளே, தோழர்களே, ஒன்று ஞாபகம் வைங்க. பாலைவனத்தில் தாகத்தால் மட்டும் இல்லை, வெள்ளத்தாலும் ஆட்கள் சாகிறார்கள். தலைக்கு மேலே வானம் தெளிவாக இருக்கும். தூரத்து மலையில் பெய்த மழை காய்ந்த ஓடையில் திடீர்னு வந்துவிடும். அதனால்தான் அங்கே ஓடைப் பள்ளத்தில் கூடாரம் போடாதீர்கள் என்று எச்சரிக்கிறார்கள்.

– 9 ஆம் வகுப்பு மாணவி