குளிர்காலத்தில் என்ன பூ கொடுக்கலாம்?



நவம்பர் நெருங்கினால் பாரிஸ் பூக்கடை வாசலெல்லாம் செவ்வந்திச் சாடிகள்தான். லாச்சப்பல் மாணிக்க விநாயகர் ஆலயத்துக்கு நாங்கள் கொண்டுபோகும் அதே மங்கலப் பூ, பிரெஞ்சு மக்களுக்குக் கல்லறைப் பூ. கூதலைத் தாங்கிப் பூப்பதால் நவம்பர் 1, துசான் திருநாளில் அதை இறந்தவர்களின் கல்லறைகளில் வைப்பார்கள்.

ஆகவே பிள்ளையின் ஆசிரியைக்கோ சுகமில்லாத பிரெஞ்சு அயலவருக்கோ செவ்வந்தி வேண்டாம். அன்பாகக் கொடுப்பது அபசகுனமாகத் தெரியும். நான் வாங்குவது சிக்கிளமென் அல்லது ஓர்கிட் சாடி. சிக்கிளமென் குளிரில்தான் நன்றாகப் பூக்கும். ஹீற்றருக்குக் கிட்ட வைத்தால் வாடிவிடும்.

வைத்தியசாலைக்கென்றால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் மண்ணோடு செடியை உள்ளே விடமாட்டார்கள்.

எங்கடை ஆட்களின் வீட்டுப் பூசைக்கென்றால் செவ்வந்தியையே தாராளமாகக் கொண்டுபோங்கள்.