நிறம் மாத்திரம் சான்றாகுமா?

இரசாயன ஆய்வுகூடத்திலே உப்புக்களைச் சோதிக்கப் புகும் மாணவருக்கு நாம் முதலிற் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. ஒரு சோதனை “இப்பொருள் உளது” என்று காட்டினால், அதனைக்கொண்டு “வேறெதுவும் இலது” என எழுதிவிடலாகாது. பரீட்சையிலே இத்தவறு சில புள்ளிகளை இழப்பதோடு முடியும். வெளியுலகிலே உயிரையே இழக்க நேர்வதும் உண்டு. போதைப்பொருட் சோதனை இதற்கு ஏற்ற உதாரணமாகும்.

“போதைப்பொருளே நஞ்சாயிற்றே, நஞ்சிலே கலப்படம் தேடுவானேன்?” என்று பெற்றோர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும், களவாக விற்கப்படும் குளிசையில், விற்பவன் சொன்ன பொருள்தான் உள்ளது என்பதற்கு உத்தரவாதம் ஏது? வாங்கியவன் அறியாத பொருளே அவனது உயிரைக் குடித்த சம்பவங்கள் பல.

1896ஆம் ஆண்டில் எடுவார்ட் மார்க்கிஸ் என்பார், இன்றைய எஸ்தோனியா நாட்டின் தார்த்து நகரிலே ஒரு சோதனைத் திரவத்தை ஆக்கினார். செறிந்த கந்தக அமிலத்திலே போமலினைச் சேர்த்த கலவை அது. அதன் துளி பட்டதும் மோர்பின் ஊதா நிறங்கொள்ளும்; அம்பெற்றமீன் செம்மஞ்சளாகிக் கபிலநிறமாகும்; ‘எக்ஸ்ரஸி’ எனப்படும் எம்.டி.எம்.ஏ. கருவூதாவாகிக் கறுத்துவிடும். இத்தகைய திரவங்களைக் கொண்ட சிறு சோதனைப் பெட்டிகள் மேலைநாடுகள் சிலவற்றில் இன்று விற்கப்படுகின்றன. எதிர்பார்த்த நிறம் தோன்றாவிடின் அது தக்க எச்சரிக்கையே.

நிறம் தோன்றிவிட்டால்? அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பி.எம்.எம்.ஏ. என்னும் கொடிய பொருள் இத்திரவத்திலே நிறங்காட்டுவதில்லை. அது எம்.டி.எம்.ஏ.யுடன் கலந்திருப்பின், மற்றதன் கறுப்பு இதனை மறைத்துவிடும். எத்தனை மில்லிகிராம் உளது என்பதையும் நிறம் சொல்லாது.

ஒல்லாந்திலே 1992 முதல், பொதுமக்கள் கொண்டுவந்து கொடுக்கும் போதைப்பொருள்களை ஆய்வுகூடத்திற் பகுத்தறியும் ஏற்பாடு உண்டு. 2014 டிசம்பரில் ‘சூப்பர்மான்’ சின்னம் பொறித்த குளிசையொன்று அங்கே சோதிக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய 170 மில்லிகிராம் பி.எம்.எம்.ஏ. இருந்தது. இப்பொருள் தாமதித்தே வேலை செய்யும். “பலிக்கவில்லை” என்றெண்ணி இரண்டாவது குளிசையை விழுங்குவோரும் உளர். பின்னர் உடல் வெப்பம் கட்டுக்கடங்காது ஏறும். உடனே நாடெங்கும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அங்கே மரணம் எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதே சின்னமுடைய குளிசைகள் இங்கிலாந்தையும் அடைந்தன. அங்கே அவ்வாண்டின் இறுதியிலும் புத்தாண்டின் தொடக்கத்திலுமாக நால்வர் மாண்டனர்.

உயிர் காத்தது வெறும் நிறமன்று. முழுமையான பகுப்பாய்வும், கண்டதை மறைக்காது உரிய காலத்திற் சொன்ன துணிவுமேயாம். மாணவர்களே, கறுத்த துளியை நற்சான்றிதழாகக் கொள்ளாதீர்கள். விலகி நிற்பதைவிடச் சிறந்த காப்பு வேறில்லை. பெற்றோரே, பிள்ளையொன்று தவறி ஆபத்துக்குள்ளானால், மானத்துக்கு அஞ்சி வீட்டிலே வைத்திராதீர்கள். தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, நடந்ததை ஒளியாமற் சொல்லுங்கள். வைத்தியருக்கு வேண்டியது உண்மை. கோபித்துக்கொள்ளப் பிறகு காலம் உண்டு.