கத்திரி வெயிலில் ஜங்ஷன் காத்திருப்பு

நேரடி வண்டியில் இடம் கிடைக்காதவர்கள் கோடையில் இரண்டு வண்டியாகப் பிரித்து டிக்கெட் போடுகிறார்கள். காசிக்குப் போகிற குடும்பம் விஜயவாடாவிலோ நாக்பூரிலோ இறங்கி, அடுத்த வண்டிக்கு நாலைந்து மணி நேரம் காத்திருக்கிறது. மே மாதப் பகலில் அந்த ஊர்களில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். நம் காட்பாடியும் சளைத்ததில்லை. வேலூருக்கு வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள் அங்கேதான் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

'பிரயாணம்னா கொஞ்சம் கஷ்டம் இருக்கத்தானே செய்யும்' என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2019 ஜூன் 10 அன்று, காசியும் ஆக்ராவும் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூர் திரும்பிக்கொண்டிருந்த குழுவில் முதியவர்கள் நான்கு பேர், கேரளா எக்ஸ்பிரஸ் ஜான்சியை நெருங்கும் வேளையில் வெயில் கொடுமைக்குப் பலியானார்கள். அவர்கள் இருந்தது வெட்டவெளியில் இல்லை, ஸ்லீப்பர் பெட்டியில். நிழலில் உட்கார்ந்துவிட்டால் போதும் என்ற நினைப்பு எவ்வளவு தப்பு என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

வியர்வை வந்தால் மட்டும் போதாது, அது ஆவியானால்தான் உடம்பு ஆறும். சென்னை சென்ட்ரலில் சட்டை நனைய ஒழுகும். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் காயாது, சூடும் தணியாது. நாக்பூரில் நேர்மாறு: வந்த வேகத்தில் காய்ந்துவிடும். 'வியர்க்கவே இல்லையே' என்று தண்ணீரை மறந்துவிடுவோம். காற்று 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் தலைக்கு மேலே சுற்றும் ஃபேன் அனலைத்தான் வீசும். துண்டை நனைத்துக் கழுத்திலும் தோளிலும் போட்டுக்கொண்டு அதே ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள், வித்தியாசம் தெரியும்.

வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் போக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நீரிழப்பு சீக்கிரம் வரும். பெண்கள் நிலை இன்னும் மோசம். கழிப்பறையை நினைத்துப் பயந்து, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் எத்தனை பேர்! இன்சுலின் கொண்டுபோகிறவர்கள் அதைப் பெட்டியின் வெளிப்பையில் வைக்கக் கூடாது. சூட்டில் அதன் வீரியம் போய்விடும்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்காலில் இழுப்பு இவையெல்லாம் முதல் எச்சரிக்கை. படுக்கவைத்து, உடையைத் தளர்த்தி, ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். ஆனால் பேச்சு குழறினாலோ, இருக்கிற இடம் தெரியாமல் உளறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்ப வாதம். உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸை, அதாவது 104 ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கும். அப்போது பாராசிட்டமால் உதவாது. நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தலை முதல் கால் வரை நனைத்து விசிறுங்கள். பிளாட்பாரக் கடையில் குளிர்ந்த பாட்டில்களை வாங்கிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும், ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு ஓடட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நனைப்பதை நிறுத்தக் கூடாது.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கிள்ளிப் போட்டுக் குடிப்பது நம் வழக்கம். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுதையும் ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை ஒட்டிக்கொண்டு சர்க்கரைத் தண்ணீரை விற்ற பானங்களுக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாவிட்டால் அந்தப் பெயரே கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. காலம் கடந்து வந்த தடை என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி, உங்களுக்குப் பாத்தியப்பட்டவை. குடிநீர், கூரை நிழல், கழிப்பறை, காத்திருக்க இடம் ஆகியவை ரயில்வே தன் நிலையங்களில் தர ஒப்புக்கொண்டிருக்கும் அடிப்படை வசதிகள். குழாயில் தண்ணீர் வரவில்லையா, காத்திருப்பு அறையில் ஃபேன் ஓடவில்லையா, 139-ஐ அழையுங்கள், அல்லது ரயில் மதத் செயலியில் படத்தோடு போடுங்கள். புகாருக்குக் கிடைக்கும் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். ரயில் நீர் ஒரு லிட்டர் 2025 செப்டம்பரிலிருந்து 14 ரூபாய். 'கூலிங் சார்ஜ்' என்று கூடுதலாகக் கேட்பதற்கு விதி எதுவும் இல்லை. கன்ஃபர்ம் அல்லது ஆர்.ஏ.சி. டிக்கெட் இருந்தால் நிலையத்து ஓய்வறையை ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலேயே பதிவு செய்யலாம். பெரியவர்களோடு போகிறவர்கள் டிக்கெட் போடும் அன்றே இதையும் பார்த்துவிடுவது உத்தமம்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. பொதுப் பெட்டிகள் பெரும்பாலும் வண்டியின் இரு முனைகளில் இருக்கும். பல நிலையங்களில் கூரை நடுவில்தான் இருக்கும். ஆக, குறைந்த காசு கொடுத்தவர்தான் இடம் பிடிக்க மொட்டை வெயிலில் வரிசை கட்டுகிறார். வண்டி தாமதமானால் ராஜதானி, சதாப்தி பயணிகளுக்கு இலவசச் சாப்பாடு உண்டு. சாதாரண எக்ஸ்பிரஸில் வருகிறவருக்கு அது கிடையாது. வெயில் வகுப்பு பார்ப்பதில்லை, விதிகள் பார்க்கின்றன.

ஏற வேண்டிய வண்டி உங்கள் நிலையத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். இ-டிக்கெட் என்றால் அந்த வண்டி கிளம்பும் முன்பே டி.டி.ஆர். (பணம் கோரும் விண்ணப்பம்) போட்டுவிட வேண்டும். முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால்? 2019 ஏப்ரல் முதல் இரண்டு பி.என்.ஆர்.களை இணைத்துக்கொள்ள வழி இருக்கிறது. இணைத்திருந்தால் தவறவிட்ட டிக்கெட்டின் பணம் பிடித்தம் இல்லாமல் வரும். பயணிகளின் விவரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் வண்டி வந்து சேர்ந்த 3 மணி நேரத்துக்குள் கோர வேண்டும்.

பாட்டிலில் தண்ணீர் பிடிக்க இறங்கி, நகரும் வண்டியில் தொற்றி ஏறும்போது விழுந்துவிட்டால், 'அவர் கவனக்குறைவு' என்று சொல்லி மட்டும் ரயில்வே நழுவ முடியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் நேர்வது இழப்பீட்டுக்குரிய விபத்தே என்று 2018-ல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய். ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும். ஆனால் வெப்ப வாதத்தில் இறந்தால் ரயில்வே சட்டம் அதை இயற்கைக் காரணம், நோய் என்ற விலக்கில் தள்ளிவிட இடம் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு வழி உண்டு: 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த அரசு, உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் தருகிறது. எப்போது, எங்கே மயங்கினார் என்பதை மருத்துவமனையில் சேர்க்கும்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

தாமதத்தால் நேர்ந்த நஷ்டத்துக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அஜ்மீர்–ஜம்மு எக்ஸ்பிரஸ் நான்கு மணி நேரம் தாமதமானதால் விமானத்தைத் தவறவிட்ட குடும்பத்துக்கு இழப்பீடு தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் 2021-ல் உறுதி செய்தது. தாமதம் தன் கைமீறியது என்று நிரூபிக்க வேண்டியது ரயில்வேதான் என்றும் சொன்னது. வழக்கை நாக்பூருக்குப் போய்ப் போட வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். டிக்கெட் அளவிலான தொகைக்கு ஆணையக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. டிக்கெட், புகார் எண், வண்டி வந்த நேரம் தெரியும் படம், டாக்ஸியோ அறையோ எடுத்ததற்கான பில் ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருங்கள்.