இழுவைக் கேரவன்

இழுவைக் கேரவன் என்பது தங்கும் வசதிகளுடன் அமைக்கப்பட்டு, மகிழுந்து போன்ற வேறொரு ஊர்தியால் இழுத்துச் செல்லப்படும், தனக்கெனப் பொறி இல்லாத வண்டியாகும். 1885 இல் பிரித்தானியாவில் கோர்டன் இசுடேபிள்சு என்பவருக்காகக் கட்டப்பட்ட வாண்டரர் என்னும் குதிரை வண்டி இதன் முன்னோடிகளுள் ஒன்றாகும். தமிழக உழவர்கள் டிராக்டரில் பூட்டும் டிரெய்லரும் இதே அடிப்படையில் இயங்குவதாகும். இந்தியாவின் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரைத் தனி வாகனமாக வரையறுக்கின்றது.

இணைத்தல்

இழுக்கும் ஊர்தியின் பின்புறமுள்ள குண்டின் மீது கேரவனின் கிண்ணம் பொருத்தப்படுகின்றது. ஐரோப்பாவில் இக்குண்டின் விட்டம் 50 மில்லிமீட்டர் ஆகும். பூட்டிய பின்னர் கேரவனின் முன்பகுதியை ஜாக்கியால் சிறிது உயர்த்தும்போது ஊர்தியின் பின்பகுதியும் சேர்ந்து எழுந்தால், பூட்டு சரியாக விழுந்துள்ளது எனலாம். அதன்பின் பாதுகாப்புச் சங்கிலியும் விளக்குகளுக்கான மின்னிணைப்பும் பொருத்தப்படுகின்றன.

எடைப் பங்கீடு

அமெரிக்க வழக்கப்படி மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு குண்டின் மீது அமைய வேண்டும். அதாவது, 1000 கிலோகிராம் கேரவனுக்கு இது 100 முதல் 150 கிலோகிராம் ஆகும். பளு அச்சுக்குப் பின்னால் மிகுந்தால், வேகத்தில் ஏற்படும் சிறு அசைவும் தணியாமல் பெரிதாகி, வண்டியைக் கவிழ்க்கக்கூடும்.

ஓட்டுதல்

ஊசலாட்டம் தொடங்கினால் திசைமாற்றியை நேராகப் பிடித்து, முடுக்கியிலிருந்து காலை எடுக்க வேண்டும். ஊர்தியின் பிரேக்கைத் திடீரென அழுத்துவது ஆபத்தானது. பின்னோக்கிச் செல்லும்போது கேரவன் திசைமாற்றிக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். எனவே இராசபாளையத்தை அடுத்த அய்யனார் கோவில் போன்ற மலையடிவார இடங்களுக்குச் செல்வோர், வண்டியைத் திருப்ப இடம் உண்டா என முன்னரே அறிந்துகொள்ளுதல் நன்று.