உலோகம் தின்னும் செடிகள் – 7: கீழாநெல்லியின் பங்காளி

கொடியாளம் வழியாகத் தென்பெண்ணை நுரையும் நாற்றமுமாகத் தமிழ்நாட்டுக்குள் வருவதைப் போன வாரம் பார்த்தோம். அந்தத் தண்ணீர் பாயும் ஓசூர்ப் பக்கத்துப் பாகலூர் மண்ணைக் கடுகு என்ன செய்யும் என்று இந்த வாரம் சொல்வதாகப் பேச்சு. மறக்கவில்லை. நடுவில் ஒரு மரம் வந்து மறித்துக்கொண்டது.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நியூ கலிடோனியா என்ற தீவு. நிக்கல் மலிந்த மண். அங்கே பிக்னாண்ட்ரா அக்யூமினாட்டா என்றொரு மரம். நம் இலுப்பை, சப்போட்டா குடும்பம்தான். சப்போட்டாக் காம்பைக் கிள்ளினால் வெள்ளையாகப் பால் வரும் அல்லவா? இதன் பட்டையைக் கீறினால் மயில்துத்தம் கரைத்த மாதிரி நீலப்பச்சையாக வடிகிறது! அந்தப் பால் காய்ந்தால் அதில் கால் பங்கு நிக்கல். ழாஃப்ரே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரும் கூட்டாளிகளும் 1976-ல் இதை எழுதினார்கள். காய்ந்த இலையில் கிலோவுக்கு ஆயிரம் மில்லிகிராம் நிக்கல் இருந்தாலே அந்தச் செடிக்குத் தனிப் பட்டம் கொடுக்கிறார்கள். இந்தப் பாலில் இரண்டரை லட்சம் மில்லிகிராம். இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஓசூரில் பிளேட்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பருக்குப் போன் போட்டேன். "நம்ம நிக்கல் தொட்டியும் பச்சையாத்தான் சார் இருக்கும். அந்த நாத்து இங்க வருமா?" என்றார்.

மலேசியாவின் சபாவில் இன்னொரு செடி: ஃபில்லாந்தஸ் ரூஃபஸ்சேனியை. ஃபில்லாந்தஸ் என்றால் நெல்லி, கீழாநெல்லி இனம். பெயரில் இருக்கும் ரூஃபஸ் சேனி, செடியைக் கொண்டு மண்ணிலிருந்து உலோகத்தை இழுக்கலாம் என்று 1983-லேயே எழுதிய அமெரிக்க வேளாண் விஞ்ஞானி. சபாவில் இதைப் பயிராகவே நட்டுப் பார்த்தார்கள். பாகலூரில் ரோஜாவைக் கவாத்து செய்கிற மாதிரி கொப்பை வெட்டி, காயவைத்து, எரித்தால் சாம்பலில் நிக்கல்.

பங்காளி இவ்வளவு வசதியாக இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? பாகலூர்ப் பக்கம் ஒரு ராகிக் கொல்லை வரப்பில் கீழாநெல்லியை ஒடித்துப் பார்த்தேன். வெறும் தண்ணீர்ச் சாறு. களை பறித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "யாருக்குங்க காமாலை?" என்று கேட்டார்.

நண்பரின் நாற்றுக்கு வருகிறேன். வந்தாலும் பிரயோஜனம் குறைவு. அவை நிக்கல் மண்ணிலேயே பரம்பரையாகப் பழகியவை, பசியும் நிக்கலுக்குத்தான். நகரக் கழிவும் பட்டறைக் கழிவும் கலந்த தண்ணீரில் உலோகம் ஒன்றாகவா வரும்? ஒன்றை மட்டும் தின்னும் செடியை நட்டுவிட்டு மண் சுத்தமாகிவிட்டது என்று சொல்வதை நான் நம்பமாட்டேன்.

கடுகு வேறு ஜாதி. எதையும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கும், சீக்கிரம் வளரும். ராகிக்கு நடுவே அக்கடி சால் என்று ஊடுபயிர் வரிசை விட்டு அதை விதைப்பது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். ஆனால் ஈயம் குடித்த கடுகைப் பிடுங்கிய பிறகு எங்கே கொண்டுபோய்ப் போடுவது? தாளிக்கவா முடியும்? அது அடுத்த வாரம். ராணிப்பேட்டையில் 1995-ல் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவையும் அதோடு சேர்த்துக்கொள்கிறேன், வேறு மரம் எதுவும் மறிக்காவிட்டால்.