வால்சக்கரப் போர்விமானம் தரையிறங்கும் நுட்பம்

மரக்காணத்து உப்பளங்களைக் காற்றடங்கிய காலை வேளையில் கண்டவர் ஒன்றை அறிந்திருப்பர். பாத்தியில் தேங்கிய நீர் வானத்தை அப்படியே காட்டும். நீர்மட்டம் எங்கே என்பதைக் கண் எளிதில் துணியாது. இத்தகைய பரப்பின்மேல் தாழப் பறக்கும் விமானிக்கும் இதே இடர் உண்டு. மரமோ வரப்போ நிழலோ இல்லாத வெளியில் தன் உயரத்தை அவன் தவறாக மதிப்பிடுகிறான். கணிப்பொறித் திரையும் ஒருவகை உப்பளமே எனலாம். ஃப்ளைட் சிமுலேட்டர் என்னும் விமானப் பாவிப்பு மென்பொருளில் பகைவிமானத்தை வீழ்த்திவிட்டுத் திரும்பும் நம் மாணவர்கள், தரையைத் தொடும்போது தலைகுப்புறக் கவிழ்வதைக் காண்கிறோம். தமிழ்த்துறை மலரில் விமானத்துக்கு என்ன வேலை எனப் பெரியோர் வினவக்கூடும். தமிழில் அதிகம் எழுதப்படாத ஒன்றைத் தமிழில் எழுதிப் பார்ப்பதும் எம் துறையின் வேலையே.

இப்பொருள் நம் நிலத்துக்கு அயலானதன்று. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது, அந்நகரின் குதிரைப் பந்தயத் திடலே ஹரிக்கேன் விமானங்களுக்கு ஓடுதளமாயிற்று. ஏப்ரல் 9-இல் திருகோணமலை தாக்குண்டது. கோவையை அடுத்த சூலூரில் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானத்தளம் இருந்தது. பின்னாளில், 1978 முதல் 1981 வரை, இந்திய விமானப்படைத் தலைவராக விளங்கிய இத்ரீஸ் ஹசன் லத்தீஃப், இளமையில் இங்கிலாந்து சென்று ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் விமானங்களில் பயிற்சி பெற்றவர். அந்நாளில் இறந்த விமானிகள் எல்லாரும் பகைவர் குண்டுக்கு இரையானவர் அல்லர். பயிற்சியிலும் தரையிறங்குகையிலும் மாண்ட இளைஞர் மிகப் பலர்.

இடரின் வேர் விமானத்தின் அமைப்பிலேயே உள்ளது. முன்னே இரு பெருஞ்சக்கரங்கள், வாலில் ஒரு சிறு சக்கரம். தரையில் நிற்கையில் மூக்கு வானை நோக்கும். அம்மூக்கினுள் நீண்ட எஞ்சின் இருப்பதால், விமானிக்கு நேர்முன்னே எதுவும் தெரியாது. ஓடுதளத்தை நோக்கி நெடுந்தூரம் நேர்க்கோட்டில் வந்தால், இறுதியில் அவ்வோடுதளமே மறைந்துவிடும். எனவே வளைந்து வருதல் வேண்டும். ஓடுதளத்துக்கு இணையாக எதிர்த்திசையில் பறந்து, சக்கரங்களை இறக்கி, ஃப்ளாப் எனப்படும் இறக்கை மடல்களைத் தாழ்த்தி, இடப்புறமாகத் தொடர்ந்து வளைந்துகொண்டே தாழ வேண்டும். வளைவு முடியும்வரை ஓடுதளம் பக்கக் கண்ணாடி வழியே தெரிந்துகொண்டிருக்கும். 1944-இல் திருகோணமலையைத் தளமாகக் கொண்டிருந்த இல்லஸ்ட்ரியஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் கோர்சேர் விமானிகள், அசையும் கப்பல் தளத்தில் இறங்கியதும் இம்முறையாலேதான். கோர்சேரின் மூக்கு மிக நீண்டது. நேரே வந்தால் கப்பலே தெரியாது.

ஸ்பிட்ஃபயர் ஓடுதளத்தின் எல்லையைக் கடக்கையில் மணிக்கு ஏறத்தாழ 85 மைல் வேகம் போதும். இதைவிட மிகுந்தால் விமானம் தரையைத் தொட மறுத்து மிதந்துகொண்டே போகும். மாணவர் செய்யும் பெரும்பிழை இங்கேதான்: மிதக்கும் விமானத்தைக் கட்டுக்கோலை முன்தள்ளித் தரையில் அழுத்துகின்றனர். அது துள்ளும், மீண்டும் அழுத்தினால் விசிறி மண்ணில் இடிக்கும். செய்ய வேண்டியது இதன் மறுதலை. விசையைக் குறைத்து, தரைக்குச் சற்று மேலே, விமானத்தை இறங்கவிடாமல் கட்டுக்கோலை மெல்ல மெல்லப் பின்னிழுக்க வேண்டும். வேகம் குறையக் குறைய மூக்கு உயரும். இறக்கையின் தூக்குவிசை தீரும் கணத்தில் மூன்று சக்கரங்களும் ஒருங்கே தரையில் அமரும். இதனை முப்புள்ளி இறக்கம் என்போம். மரக்காணத்தை ஒட்டிய கழுவேலியில் கொக்கு இறங்குவதைப் பாருங்கள்: உடலை நிமிர்த்தி, சிறகை விரித்து, வேகத்தைக் கொன்ற பின்னரே கால் வைக்கும்.

இறங்கிவிட்டோம் என்று கையைத் தளர்த்துதல் ஆகாது. விமானத்தின் எடைமையம் பெருஞ்சக்கரங்களுக்குப் பின்னே இருப்பதால், சற்றே திரும்பினாலும் வால் முன்னே வர முயலும். மாட்டுவண்டியைப் பின்னோக்கித் தள்ளியவருக்கு இது விளங்கும். வால் முழுதும் சுழன்றுவிட்டால் இறக்கை நுனி தரையைக் கீறும். ஹரிக்கேனின் சக்கர இடைவெளி 7 அடிக்கும் மேல். ஸ்பிட்ஃபயருக்கோ 6 அடிகூட இல்லை. ஆகவே பின்னது மிக எளிதில் சாயும். கால்மிதியால் சுக்கானைச் சிறிது சிறிதாக அசைத்துக்கொண்டே, விமானம் நிற்கும்வரை நேராக்க வேண்டும்.

இறக்கம் பிழைத்ததெனத் தோன்றினால் மீண்டும் எழுதலே நன்று. ஆனால் விசையை ஒரேயடியாகத் திறத்தல் கூடாது. மெர்லின் எஞ்சினின் முழு ஆற்றலும் குறைந்த வேகத்தில் பாயும்போது விமானம் இடப்பக்கம் திரும்பும், இடச்சிறகு தாழும். வலச்சுக்கானைத் தயாராக வைத்து, விசையைப் படிப்படியாகக் கூட்டுக.

பாவிப்பு மென்பொருள் தராதது ஒன்றுண்டு: இருக்கை வழியே உடம்பு உணரும் அமிழ்வு. உண்மை விமானி, கண் காணுமுன் முதுகால் அறிவதை, திரையின்முன் இருப்பவன் கண்ணாலேயே அறிய வேண்டும். ஆகையால் இறுதிக் கணங்களில் மூக்கை நோக்காமல், பார்வையைச் சற்றுப் பக்கவாட்டில் தொலைவுக்குச் செலுத்துக. ஓடுதள விளிம்பு எழுந்து வரும் விரைவே உயரத்தைச் சொல்லும். முதற் பயிற்சிகளுக்குக் காற்றை நிறுத்திவைத்துப் புல்தரையைத் தேர்ந்துகொள்க. புல்லில் சக்கரம் சிறிது வழுக்குவதால் சுழற்சி மெல்லவே தொடங்கும். தொடர்ந்து பத்து முறை கவிழாமல் இறங்கிய பின் பக்கக்காற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.